காரில் இடமில்லை

செங்கல்பட்டில் சொந்த வீடு இருப்பதில் ஒரு விசேஷம் உண்டு. எங்கள் ஊரைப் பார்க்க என்று யாரும் வரமாட்டார்கள். ரயில் கொளவாய் ஏரி ஓரமாக வரும்போது, "அடேயப்பா, எவ்வளவு தண்ணி!" என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் எங்கள் ஊருக்குக் கிடைக்கிற மரியாதை. ஆனாலும் எங்கள் வீட்டில் விருந்தாளிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வந்தவர்கள் செருப்பைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கேள்விக்கு வந்துவிடுவார்கள்.

"இங்கேர்ந்து மகாபலிபுரம் எவ்வளவு தூரம்?"

சுமார் 30 கிலோமீட்டர். அரசாங்கம் மாமல்லபுரம் என்று எழுதினாலும் எங்கள் வாயில் மகாபலிபுரம்தான். சிலர் பிள்ளைகளுக்கு நிலபுலன் வைத்துவிட்டுப் போவார்கள். என் அப்பா எனக்கு வைத்துவிட்டுப் போனது இந்த 30 கிலோமீட்டர்.

விருந்தாளி வந்த மறுநாள் விடியற்காலை வாசலில் வாடகை அம்பாசிடர் நிற்கும். பின் சீட்டில் நான்கு பேர், முன் சீட்டில் டிரைவரோடு இரண்டு பேர், தொடைகளுக்கு நடுவில் சொருகப்பட்ட நான். அம்மா நாலு மணிக்கே எழுந்து புளிசாதமும் தயிர்சாதமும் கட்டி, தூக்குவாளியை ஜன்னல் வழியாக உள்ளே கொடுப்பாள். "அப்பளம் மேல இருக்கு. நசுக்கிடாதீங்க!" கார் ஒரு உறுமு உறுமிவிட்டுக் கிளம்பும்.

அப்பா ஒரு ஆபீஸில் தலைமை குமாஸ்தா. விருந்தாளி கிடைத்தால் சரித்திரப் பேராசிரியர். முதல்நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பாயில் உட்கார்ந்து ஆரம்பிப்பார்.

"மகேந்திர பல்லவன் இருக்கானே, அவன் வாதாபியைப் பிடிச்சுட்டு வந்து..."

"மகேந்திரர் இல்ல, அவர் பிள்ளை நரசிம்மர். பரஞ்சோதிதான் சேனாதிபதி" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். கூடவே பாத்திரம் துலக்கும் சத்தம்.

அப்பா காதில் விழாதது மாதிரி மேலே போவார். அம்மா சொன்னதுதான் சரி. வாதாபி விழுந்தது 642ல். மற்போரில் கெட்டிக்காரனான அந்த நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பட்டப்பெயர். ஊருக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், உத்திரமேரூர்ப் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் தாத்தா பைண்ட் செய்து வைத்திருந்த 'சிவகாமியின் சபத'த்தை எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது.

போன வருஷம் எனக்குக் கல்யாணமானது. மனைவி திருநெல்வேலிக்காரி. வந்த இரண்டாவது வாரம், சும்மா இருக்காமல், "அத்தை, மகாபலிபுரத்துல எதை முதல்ல பாக்கணும்? நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "எனக்கென்னம்மா தெரியும்? நான் போனதில்லையே."

நான் பேப்பரை இறக்கினேன். "என்னம்மா சொல்ற? போனதே இல்லையா?"

"கார்ல எங்கடா இடம் இருந்துது?"

நான் பி.காம். வாய்வார்த்தையை நம்புகிற படிப்பு இல்லை அது. அப்பா போய் மூன்று வருஷமாகிறது. அவருடைய வரவுசெலவு நோட்டுகள் பரண்மேல் அப்படியே இருந்தன. இறக்கித் தூசி தட்டி உட்கார்ந்தேன். அப்பாவின் கணக்கு சுத்தமான கணக்கு. 1984 முதல் 2006 வரை மகாபலிபுரம் 17 தடவை. ஒவ்வொன்றுக்கும் கார் வாடகை, டிரைவர் பேட்டா, நுழைவுச்சீட்டு, இளநீர், சிப்பி மாலை, ஆட்கள் எத்தனை என்பதுவரை எழுதியிருக்கிறார். சாப்பாடு என்ற வரியில் மட்டும் 'வீட்டிலிருந்து' என்று எழுதி, தொகைக்கு எதிரே ஒரு கோடு.

17 தடவையிலும் ஆட்கள் பட்டியலில் அம்மா இல்லை. 'பையன் 1' என்று பதினொரு தடவை இருக்கிறது.

ஒரு வரியைப் படித்தபோது மட்டும் கை நின்றுவிட்டது. '26-12-2004, ஞாயிறு. மகாபலிபுரம். போகவில்லை. கார் பாதி வாடகை.'

எனக்கு அன்று பதினேழு வயசு. டெல்லியிலிருந்து வந்த உறவுக்காரர்கள் ஆறரைக்குக் கிளம்ப வேண்டும் என்று தயாராக நின்றார்கள். வீட்டில் புளி தீர்ந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறக்கவில்லை. நாலு வீடு ஏறி இறங்கி வாங்கி வந்து அம்மா புளிசாதம் கிளறி முடிக்க எட்டரை. "ஒரு புளிசாதத்துக்கா ரெண்டு மணி நேரம்?" என்று காரில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். நானும்தான். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது எதிரே ஜனங்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். "திரும்புங்க! கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு!" என்று ஒருவர் காரின் பானெட்டில் அடித்தார். சுனாமி என்ற வார்த்தையே அன்று மத்தியானம்தான் எங்களுக்குத் தெரியும். வீடு திரும்பி, நடுங்கிக்கொண்டே கூடத்தில் உட்கார்ந்து அந்தப் புளிசாதத்தைச் சாப்பிட்டோம். யாராவது அம்மாவிடம் ஏதாவது சொன்னோமா என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்பளம் கேட்டது ஞாபகம் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை போவதென்று முடிவாயிற்று. மனைவி நல்ல பெண்ணாக லட்சணமாக, "நீங்களும் அத்தையும் போயிட்டு வாங்க. நான் காலையில எழுந்து சாப்பாடு கட்டித் தரேன்" என்றாள்.

"வேணாம்" என்றாள் அம்மா. அவள் குரல் அவ்வளவு கறாராக ஒலித்து நான் கேட்டதில்லை. "யாரும் எதையும் கட்ட வேணாம். நீயும் வா."

பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "இங்கயும் இடமில்லையாடா?" என்று சிரித்தாள். ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்தது. நல்ல வேளையாக ஜன்னலோரம்.

பாதி வழியில் திருக்கழுக்குன்றம். இதுவரைக்கும் அம்மாவுக்கு அத்துப்படி. வேதகிரீஸ்வரர் மலைக்கு எத்தனையோ தடவை ஏறியிருக்கிறாள். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வரும். குருக்கள் சர்க்கரைப் பொங்கலை நீட்டுவார். அவை தின்றுவிட்டுப் போகும். காசியில் குளித்து, இங்கே சாப்பிட்டு, ராமேஸ்வரத்தில் தூங்குகிற முனிவர்கள் என்பது ஐதீகம். பறவை சாஸ்திரக்காரர்கள் அவற்றை எகிப்தியக் கழுகு என்பார்கள். 1990களின் கடைசியோடு அவை வருவது நின்றுபோயிற்று. "நான் பார்த்திருக்கேன். ரெண்டும் ஜோடியா வரும்" என்று மலையைக் காட்டி மருமகளிடம் சொன்னாள். இந்த ஊர்தான் அவளுடைய கிழக்கு எல்லை. இதற்கு அப்பால் வந்ததெல்லாம் அவளுக்குப் புதுசு.

பூஞ்சேரி வந்தது. 2022ல் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது இங்கேதான். 180க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தார்கள். அதையும் தாண்டி பக்கிங்ஹாம் கால்வாய். பார்த்தால் உப்பங்கழி மாதிரிதான் இருக்கும். ஒரு காலத்தில் ஆந்திராவிலிருந்து படகு வந்த பாதை. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் கடல், நடுவில் மணலும் பாறைக் குன்றும். அந்தப் பாறையை வைத்துக்கொண்டுதான் பல்லவர்கள் இவ்வளவும் செய்திருக்கிறார்கள்.

அப்பா எப்போதும் ஐந்து ரதத்தில்தான் ஆரம்பிப்பார். அம்மா பஸ்ஸை விட்டு இறங்கியதும், "முதல்ல பெருமாள்" என்றாள். தலசயனப் பெருமாள் கோயில் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருக்கடல்மல்லை. பூதத்தாழ்வார் அவதரித்த ஊர். 17 தடவையில் நாங்கள் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. வாசலில் இளநீர் குடித்திருக்கிறோம்.

மற்ற இடங்களில் பாம்பணையில் படுத்திருக்கிற பெருமாள் இங்கே வெறும் தரையில் படுத்திருக்கிறார். அதற்கு ஒரு கதை உண்டு. கோயிலில் ஒரு பெரியவர் சொன்னார். புண்டரீக மகரிஷிக்குத் தாமரைப் பூவைப் பாற்கடலில் கொண்டுபோய்ப் பெருமாள் காலில் சமர்ப்பிக்க வேண்டும் என்று ஆசை. கடல் குறுக்கே நிற்கிறது. சரி, இறைத்துவிடலாம் என்று கையால் அள்ளி அள்ளி வெளியே கொட்ட ஆரம்பித்தார். ஒரு கிழவர் வந்து, "பசிக்குது, சாப்பாடு கொண்டு வா. அதுவரைக்கும் உனக்குப் பதிலா நான் இறைக்கிறேன்" என்றார். ரிஷி ஓடிப்போய்ச் சாப்பாட்டோடு திரும்பி வந்தால், கிழவர் அந்தப் பூக்களைச் சூடிக்கொண்டு தரையில் சயனித்திருக்கிறார்!

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அந்த ரிஷி சாப்பாட்டை என்ன பண்ணாரு?" என்றாள்.

பெரியவருக்கு இந்தக் கேள்வியை இதுவரை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். "பெருமாளுக்கே படைச்சிருப்பார்" என்று சமாளித்தார். அம்மாவுக்குத் திருப்தி. பிரசாதமாக வாங்கிய புளியோதரையில் ஒரு வாய் போட்டுப் பார்த்து, "கடலை கொஞ்சம் கருகிடுச்சு" என்று தீர்ப்பு வழங்கினாள்.

கோயிலுக்குப் பின்பக்கம் வந்தால் அர்ச்சுனன் தபசு. 90 அடிக்கு மேல் நீளமான பாறை, நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். ஒற்றைக் காலில் நிற்பது பாசுபதம் கேட்கும் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவரும் பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்பா இங்கே ஐந்து நிமிஷம்தான் கொடுப்பார். அம்மா முக்கால் மணி நேரம் நின்றாள். யானைக்கடியில் ஒண்டியிருக்கிற குட்டிகள். பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மான். குளித்துவிட்டு ஈரத்துணியைப் பிழிகிறவன். ஒற்றைக் காலில் தவம் செய்கிற பூனை, அதைக் கும்பிடுகிற எலிகள். இவை எதையுமே நான் அதுவரை பார்த்ததில்லை. பாறையைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"இந்தப் பூனை நம்ம எதிர்வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு" என்றாள். ஜாடை நூற்றுக்கு நூறு சரி. பேர் போட முடியாது.

பக்கத்தில் குரங்குக் குடும்பம் ஒன்று, பேன் பார்த்துக்கொண்டு. கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தன மலையைத் தூக்குகிற கண்ணனை விட்டுவிட்டு, பால் கறக்கிறவனையும் கன்றை நக்குகிற பசுவையும் பார்த்தாள். தலையில் பானை சுமந்து நிற்கிற பெண்ணைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். "மலையே விழுந்தாலும் இவ இதை இறக்கி வைக்க முடியாது பாரு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இங்கதான்டா சிவகாமி வந்தா" என்றாள்.

"அம்மா, நரசிம்மவர்மன் நிஜம். சிவகாமியும் ஆயனரும் கல்கி பண்ணின கற்பனை."

"தெரியும்டா. இருந்தாலும் அவ இங்க வந்தா."

கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்துக்கு 2019 அக்டோபரிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டார்கள். அந்த மாதம் 11ந் தேதி நம் பிரதமரும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அதன் முன்னால் கைகோத்து நின்ற படம் உலகம் பூராவும் வந்ததல்லவா, அதற்குப் பிறகு. சரிவில் 20 அடி உயரத்துக்கு ஒரு உருண்டைக் கல், எடை சுமார் 250 டன் என்கிறார்கள். 1908ல் மதராஸ் கவர்னர் ஆர்தர் லாலி, ஊர்மேல் உருண்டுவிடும் என்று பயந்து ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னதாகவும், கல் அசையவில்லை என்றும் கதை. "அது யாரை என்ன பண்ணிச்சு? எதுக்கு இழுக்கணும்?" என்றாள் அம்மா. எல்லோரும் கல்லைத் தாங்கிப் பிடிப்பது மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மருமகள் கெஞ்சியதன் பேரில் அம்மாவும் கையை நீட்டினாள். படத்தில் சப்பாத்தி மாவு உருட்டுகிறவள் மாதிரி விழுந்திருக்கிறாள்.

மத்தியானம் ஹோட்டலில் சாப்பிட்டோம். அதைப் பற்றி அம்மாவின் அபிப்பிராயம் இங்கே வேண்டாம்.

சாயங்காலம் ஐந்து ரதம். பாண்டவர்களுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்கள். திரௌபதி, அர்ச்சுன, பீம, தர்மராஜ ரதங்கள் நான்கும் வரிசையாக இருந்த ஒரே பாறையில் வெட்டியவை. மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதனால் உச்சி பூர்த்தியாகி, அடிப்பக்கம் பாதியில் நிற்கிறது. திரௌபதி ரதம் அசல் கூரை வீடு. அம்மா அதைச் சுற்றி வந்து, "வேலையை முடிக்காம போயிட்டாங்களே. எந்தக் கார் வந்து கூப்பிட்டுச்சோ!" என்றாள்.

அந்த உளிச்சத்தம் ஊரில் இன்னும் நிற்கவில்லை. 1957ல் ஆரம்பித்த அரசு சிற்பக் கல்லூரி இங்கே இருக்கிறது. குமரி முனையில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதி அதற்குத் தலைமை வகித்தவர். இந்த ஊர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அம்மா ஒரு சிற்பக்கூடத்தில் நுழைந்தபோது பிள்ளையார் வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். இஞ்சி பூண்டு நசுக்குகிற சின்ன இடிகல் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினாள். சுமந்தது நான்.

கடற்கரைக் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ராஜசிம்மன் கட்டியது. இரண்டு சிவ சன்னிதிகள். நடுவில் அவற்றுக்கும் முந்திய பெருமாள், பாறையிலேயே படுத்தபடி. "இவரும் வெறும் தரையிலதானா!" என்றாள். உப்புக் காற்றும் மணலும் 1,300 வருஷமாகச் சிற்பங்களின் மூக்கு முழியைத் தின்றுவிட்டன. கடல் அரிக்காமலிருக்கக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். 1984ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. எங்கள் அம்பாசிடர் முதல் தடவை போனதும் அதே 1984ல்தான்.

பழைய கப்பல்காரர்கள் இந்த ஊரை 'ஏழு கோயில்' என்பார்கள். ஆறு கோயில் கடலுக்குள் போய்விட்டது என்று வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர், உள்ளூர்க்காரர்கள் சொன்னதைக் கேட்டு 1788லேயே எழுதி வைத்தார். 2002ல் கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனத்தாரும் இங்கிலாந்துக்காரர்களும் சேர்ந்து முக்குளித்து, கரையிலிருந்து 500, 700 மீட்டர் தள்ளி இடிந்த சுவர் மாதிரியான கற்களைப் பார்த்தார்கள். சுனாமியன்று கடல் பின்வாங்கியபோது வரிசையாகப் பாறை தெரிந்ததாகக் கரையிலிருந்தவர்கள் சொன்னார்கள். பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் சுனாமி மணலை வாரிய பிறகு வெளிப்பட்ட கல்வெட்டைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு பழைய முருகன் கோயிலையே தோண்டி எடுத்தார்கள். ஏழு கோயிலும் நிஜமா என்பது இன்னும் தீராத வழக்கு.

வெள்ளைக்காரனுக்குக் கடற்கரை என்றால் ஆரோக்கியம். இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற ஊரே அப்படித்தான் பெரிசானது. 1750 வாக்கில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற டாக்டர் கடலில் குளிக்கச் சொன்னதோடு நிற்காமல் கடல் தண்ணீரைக் குடிக்கவும் சொன்னார். 1841ல் லண்டனிலிருந்து ரயிலும் வந்தது. கேட்கவேண்டுமா கூட்டத்துக்கு! நம் ஜனங்களுக்கு முன்பெல்லாம் கடலுக்குப் போக ஒரு காரணம் வேண்டும். அமாவாசை, மாசி மகம். மாசிப் பௌர்ணமிக்கு இருளர்கள் எங்கெங்கிருந்தோ குடும்பத்தோடு இந்தக் கரைக்கு வந்து, மணலிலேயே தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணமும் செய்துகொண்டு போகிறார்கள். இப்போது காரணம் இல்லாமலும் வருகிறோம். மீனவர் வீட்டுப் பையன்கள் பலகை மேல் நின்று அலையில் சறுக்குகிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே இங்கே நடந்தது.

அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மருமகள் கையைப் பற்றியபடி தண்ணீரில் நின்றாள். மெரினாவை ஒரு தடவை ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. அறுபத்தாறு வயசில் முதல் அலை. காலடியில் மணல் நழுவியபோது, "ஐயோ, இழுக்குதுடி!" என்று கூச்சல் போட்டாள். குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிரைட்டன் டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கரைக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏம்மா, ஒரு தடவைகூட 'நானும் வரேன்'னு நீ சொல்லலையே?"

"சொன்னேனே."

"எப்போ?"

"நீ மூணாவது படிக்கிறப்போ. 'அடுத்த தடவை கண்டிப்பா'ன்னாரு உங்கப்பா. அடுத்த தடவை டெல்லிக்காரங்க எட்டு பேர் வந்துட்டாங்க." முந்தானையால் காலிலிருந்த மணலைத் தட்டினாள். "அவர் மேல தப்பில்லடா. வண்டி சின்னது."

நோட்டில் அந்த வருஷத்துப் பக்கம் எனக்குத் தெரியும். 'பையன் 1.' மறுநாள் ஸ்கூலில் காட்ட சிப்பி பொறுக்கி வந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு ஒரு சிப்பி கொடுத்தேனா என்பதுதான் நினைவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை. மனைவி எழுந்துபோய் மூன்று பேருக்கும் சுண்டல் வாங்கிவந்தாள்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் நோட்டில் 2006க்குக் கீழே ஒரு கோடு போட்டு எழுதினேன். மகாபலிபுரம். ஆட்கள் 3. பஸ், டிக்கெட், சாப்பாடு, சுண்டல், இடிகல். தொகையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது போன் மணி அடித்தது. பம்பாய் சித்தப்பா. அடுத்த மாதம் சம்பந்தி வீட்டாரோடு வருகிறாராம். "மகாபலிபுரம் காட்டிடலாம் இல்லே? அண்ணி கையால புளிசாதம் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு!"

அம்மாவைப் பார்த்தேன். புது இடிகல்லில் அரிசியைப் போட்டுப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"தாராளமா வரச் சொல்லு" என்றாள். "சாப்பாடு ஹோட்டல்ல. கார்ல முன் சீட்டு எனக்கு. அதையும் இப்பவே சொல்லிடு."